ஒரு கடிதமே நாவலானது பற்றி

அன்புள்ள வசந்தா,

மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேரன் பள்ளிக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் படிக்க முடிகிறது.

இந்த மாதம் மரியாமா பாவோடு கழிந்தது. செனகல் நாட்டவர், நம்மைப் போலவே பள்ளி ஆசிரியை. ஒன்பது பிள்ளைகளை வளர்த்தவர். தன் முதல் நாவலைப் பிரெஞ்சு மொழியில் 1979-இல் வெளியிட்டபோது அவருக்கு ஐம்பது வயது. ஆப்பிரிக்க எழுத்துக்கென்று ஏற்படுத்தப்பட்ட நோமா விருது மறு ஆண்டே முதன்முதலாக வழங்கப்பட்டது, அது இவருக்குத்தான். அடுத்த ஆண்டு இறந்துபோனார். இரண்டாவது நாவல் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

'இத்தனை நீண்ட கடிதம்' என்று அந்த முதல் நாவலின் பெயரைத் தமிழில் சொல்லலாம். கணவன் இறந்து இத்தா (முஸ்லிம் விதவைகள் வீட்டோடு தங்கியிருக்கும் துக்க காலம்) இருக்கும் ரமத்துலாயே, தன் பால்யத் தோழி ஐசத்துவுக்கு எழுதுவதுதான் முழுக்கதையும். மகளின் தோழியையே இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு குடும்பத்தைக் கைவிட்டவன் அந்தக் கணவன். பன்னிரண்டு பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு அலைந்து இவள் சலித்துப்போகிறாள். அது தெரிந்ததும் ஐசத்து ஒரு ஃபியட் கார் வாங்கிக் கொடுக்கிறாள்! இவள் பயந்து பயந்து ஓட்டப் பழகுகிறாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இறந்த வருடம் உன் தையல் மெஷினை லாரியில் ஏற்றி எனக்கு அனுப்பினாயே, அது நினைவுக்கு வந்துவிட்டது.

இவருக்கு முன்பே, 1966-இல், நைஜீரியாவின் ஃப்ளோரா நுவாபா 'எஃபுரு' எழுதினார். ஆங்கிலத்தில் நாவல் வெளியிட்ட முதல் நைஜீரியப் பெண். பக்கத்துக்குப் பக்கம் பெண்களின் பேச்சுதான். எனக்கு அதுதான் அதன் பலம். கடைசியில் ஏரித் தெய்வத்தைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது: தாய்மையின் இன்பத்தையே அறியாத அவளைப் பெண்கள் ஏன் வணங்குகிறார்கள்? பதிமூன்று ஆண்டுகள் கழித்து, அதே நாட்டின் புச்சி எமெச்செட்டா அந்த 'தாய்மையின் இன்பங்கள்' என்பதையே தன் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். அவருடைய நாயகி பிள்ளைகளுக்காகவே உயிரைத் தேய்த்து, ஒரு பிள்ளையும் அருகில் இல்லாமல் சாலையோரத்தில் இறக்கிறாள். ஒருத்தி கேட்டதற்கு இன்னொருத்தி சொன்ன பதில் இது. எந்த விருதையும்விடப் பெரிய மரியாதை என்று நினைக்கிறேன். இந்த எமெச்செட்டாவின் கைப்பிரதி ஒன்றை அவர் கணவர் எரித்தே போட்டார், வசந்தா. மறுபடி உட்கார்ந்து எழுதினார்.

மரியாமா பாவின் புத்தகத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஐசத்துவின் கணவனும் இன்னொருத்தியை மணந்தவன்தான். அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினாள். ரமத்துலாயே அதே வீட்டிலேயே இருந்தாள். நீ யார் பக்கம் என்று எழுது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

உன்,
சுந்தரி