பத்து நாள் விழாவில் நாயனத்துக்கு அரை மணி நேரம்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பகுதி அம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவின் நிகழ்ச்சி நிரல் போன வாரம் உங்கள் இதழின் மாவட்டப் பக்கத்தில் வந்திருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நன்கொடை ரசீதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திண்ணையில் உட்கார்ந்து, எந்த ராத்திரி யார் என்று ஒரு தடவை படித்தேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தேன். பத்து ராத்திரியில் ஆறு ராத்திரி இன்னிசைக் கச்சேரி, இரண்டு ராத்திரி ஆடல் பாடல், ஒரு பட்டிமன்றம், கடைசி நாள் வாணவேடிக்கையும் டிஜேவும். நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தைத் தேடினால், ஒவ்வொரு நாளுக்கும் மேலே சின்ன எழுத்தில் ‘மாலை 5.30 மங்கள இசை’ என்று ஒரு வரி. 6.00 மணிக்கு வரவேற்புரை. வாசிப்பவர் யார் என்று போடவில்லை. ஒலி ஒளி அமைப்பாளரின் பெயர் இருக்கிறது, பந்தல்காரர் பெயர் இருக்கிறது. அவர்கள் உழைப்புக்கு அது தகும். தவில் அடிக்கிறவர் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டாமா?

அந்த அரை மணி நேரம் எப்படிப் போகிறது என்று போன வருடம் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. நாற்காலிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையின் ஓரத்தில், சமுக்காளம்கூட இல்லாமல், நாயனக்காரர் உட்கார்ந்து ஆனந்தபைரவியைத் தொடங்கினார். நல்ல கை, நல்ல மூச்சு. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, மைக் செட்காரர் ‘ஹலோ, ஹலோ, செக்’ என்று ஆரம்பித்துவிட்டார். அவர் வேலை அவருக்கு. ஆனால் நாயனக்காரர் நிறுத்திவிட்டுக் காத்திருந்து, மறுபடி எடுத்து, மறுபடியும் நிறுத்த வேண்டி வந்தது. மூன்றாவது தடவை அவர் ராகத்தை எடுக்கவில்லை. ஒரு சின்னப் பாட்டை வாசித்து முடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தபேலாவும் புல்லாங்குழலும் வயலினும் நேரில் வாசிக்கிற குழு வந்தால் கடைசிப் பாட்டு வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். இப்போது வருகிற குழுக்களில் பாதிக்கு மேல் டிராக் போட்டுத்தான் பாடுகிறார்கள். ஆறு ராத்திரியும் அதே முப்பது, நாற்பது பாட்டு. ஆறில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

விழாக் குழுவினரிடம் நேரில் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். “நாயனக் கச்சேரி வைத்தால் கூட்டம் உட்காராதுங்க ஐயா” என்றார் ஒரு தம்பி. அவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் பார்த்ததை வைத்துச் சொல்கிறார். நான் பார்த்தது வேறு.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1974, 75 வாக்கில், சாமி புறப்பாட்டுக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கு போகும். அதற்குப் பின்னால் மேளம். கோயில் வாசலில் கம்பீரநாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கிற மல்லாரி தொடங்கினால் நாலு தெருவுக்குக் கேட்கும். எங்கள் தெரு முக்கில் சாமி நிற்கும்போது பானகமும் நீர்மோரும் கொடுப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வேலை. தவில்காரர் என்னிடம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாவுப் பசை தடவித் துணி சுற்றிச் செய்த கூடுகளை வலது கை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டி அழுத்திப் பார்ப்பார். இடது கையில் பூவரசங்கழி. நாயனக்காரர், ஊதுகிற முனையில் செருகும் சீவாளியை வாயில் ஈரப்படுத்திக்கொண்டிருப்பார். நாயனத்தில் கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளிகள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடும். அப்புறம் தனி ஆரம்பிக்கும். இரண்டு தவிலும் மாற்றி மாற்றி, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர். ராத்திரி ஒரு மணிக்கும் ஜனம் நின்றுகொண்டேதான் கேட்டது. அன்றைக்கு யாருக்கும் நாற்காலி கிடையாது.

இப்போது புறப்பாட்டிலும் இடம் போய்விட்டது. இரண்டு வருடமாகச் செண்டை மேளம் வருகிறது. செண்டை அருமையான வாத்தியம், கேரளத்துக் கோயிலிலேயே நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் முப்பது செண்டைக்கும் ஸ்பீக்கர் கட்டிய வண்டிக்கும் நடுவில் ஒற்றை நாயனம் என்ன செய்யும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தர்மபுரி என்ற பெயர் கர்நாடக இசையில் நூறு வருடத்துக்கும் மேலாகப் புழங்குகிற பெயர். 19ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் ஜாவளிகள் என்ற சின்னச் சின்னக் காதல் பாட்டுகளை எழுதிய தர்மபுரி சுப்பராயர், பெயரிலேயே நம் ஊரைக் கொண்டு போனவர். வீணை தனம்மாள் அவர் காலத்தவர். தனம்மாளின் குடும்பம் அந்த ஜாவளிகளைப் பாதுகாத்தது. பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள், இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அபிநயம் பிடித்தார். காபி ராகத்தில் சுப்பராயர் செய்த ‘பருலன்ன மாட’ இன்றைக்கும் சென்னை மேடைகளில் கேட்கிறது. தர்மபுரியில் ஒரு மேடையில் அதை நான் இதுவரை கேட்டதில்லை. கச்சேரி முடியும் நேரத்தில் நாயனத்தில் அந்தக் காபியைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

வாசிக்க ஆள் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. பக்கத்துக் கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் அங்கே மூன்று வருடப் படிப்பு. படித்து வெளியே வருகிற பிள்ளைக்குக் கல்யாண முகூர்த்தத்தில் கெட்டிமேளம் மட்டும்தான் கதியா? ஒரு ராகத்தை இருபது நிமிடம் விரித்து வாசிக்க அவனுக்கு ஒரு மேடை வேண்டும். அதை ஊர்த் திருவிழா கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பத்து ராத்திரியில் ஒரு ராத்திரி, எட்டு மணிக்கு, அதே மேடையில், அதே விளக்கு வெளிச்சத்தில் இரண்டரை மணி நேரம் நாதஸ்வரக் கச்சேரி. இரண்டு நாயனம், இரண்டு தவில். நோட்டீஸில் நாலு பேர் பெயரும் பெரிய எழுத்தில். இந்த வருடம் முன்பணமெல்லாம் கொடுத்து முடிந்துவிட்டது என்கிறார்கள். சரி, அடுத்த சித்திரைக்காவது இப்போதே பேசி வைக்கலாம். அந்த ஒரு ராத்திரிச் செலவுக்கு என் பங்காக ஐயாயிரம் ரூபாய் தருவதாகக் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் தருகிறேன் என்றிருக்கிறார்கள்.

இந்த வருடம் மைக் சோதனையை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன், ஒத்துக்கொண்டார்கள். முதல் நாள் ஐந்தரை மணிக்கு நானும் பேத்தியும் முன் வரிசையில் இருப்போம். நாயனம் பிடித்தவர்கள் அந்த நேரத்துக்கே வந்துவிடுங்கள். வெயில் இருக்கும், ஒரு விசிறி எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாதஸ்வர ரசிகன்,
தர்மபுரி.