சுகாதாரப் பொருளியலை முழுத் தாளாகக் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் என்ன படிக்கலாம் என்று மாணவர்களுக்கு வழிகாட்டித் தாங்கள் வெளியிடும் பக்கங்களை ஆண்டுதோறும் படித்து வருகிறேன். அவற்றில் நான் இதுவரை காணாத ஒரு படிப்பைப் பற்றி, அரசுக் கலைக் கல்லூரிகளில் இருபத்தாறு ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் பணியாற்றிய கல்லூரிகளில், மருத்துவத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று ஆராயும் சுகாதாரப் பொருளியல் என்பது முதுகலையின் கடைசிப் பருவத்தில் வரும் ஒரு விருப்பப் பாடம். எடுக்க ஆசிரியர் இருந்தால் நடக்கும். நடந்த ஆண்டுகளிலும் மருந்துக்குத் தேவைக் கோடு வரைந்து காட்டுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதைக் களப்பணியுடன் கூடிய முழுத் தாளாக, நம் மாநிலத்தின் அனுபவத்தையே பாடப்பொருளாகக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவி ஒருவர், ஆய்வேட்டுக்குத் தம் தாயின் சிகிச்சைச் செலவையே எடுத்துக்கொண்டார். தாய்க்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் மருத்துவமனையில் கட்டணம் எதுவும் இல்லை. அந்தப் பெண் ஒரு கோடு போட்ட நோட்டில் நாள்வாரியாகக் கணக்கு எழுதியிருந்தார். சிகிச்சை, மருந்து என்று தலைப்பிட்ட பகுதியில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யங்கள். அதற்கு அடுத்த பகுதியில் வெளியூர்ப் பேருந்தில் இருவருக்கான கட்டணம் (நகரப் பேருந்தில் அம்மாவுக்குக் கட்டணமில்லை என்பதையும் விடாமல் குறித்திருந்தார்), சிகிச்சை முடிந்து தலைசுற்றி நிற்க முடியாத நாட்களில் ஆட்டோ, துணைக்கு வந்த தந்தையின் மதியச் சாப்பாடு, கடைசியாகக் கட்டட வேலைக்குப் போகாததால் அவர் இழந்த அன்றைய கூலி. அந்த மாதத்தில் மட்டும் பதின்மூன்று நாள் கூலி போயிருந்தது. பாடநூலில் 'மறைமுகச் செலவு' என்று ஒரே வரியில் நாங்கள் கடந்துபோன சொல்லின் பொருள் எனக்கே அன்றுதான் முழுதாக உறைத்தது.

நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பதன் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்கின்றன தேசிய சுகாதாரக் கணக்குகள். இந்த இறக்கம் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தத் தந்தை இழந்த கூலி இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஒரு புள்ளிவிவரம் எதை எண்ணுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்கும் பழக்கம் பட்டதாரிகளுக்கு வர வேண்டுமானால், அதற்கான பயிற்சி வகுப்பறையில்தான் தொடங்க வேண்டும்.

மருத்துவம் மற்றச் சரக்குகளைப் போன்றதன்று என்பதைப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இலேயே விளக்கினார். நோய் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. என்ன சிகிச்சை தேவை என்பது நோயாளியைவிட மருத்துவருக்கே அதிகம் தெரியும். ஆகவே சந்தை இங்கே வழக்கம்போல் இயங்காது. இந்தக் கோட்பாட்டைச் சொல்லித் தரும் நாம், இதற்கு நம் வாசலிலேயே உருவான விடைகளுள் ஒன்றைச் சொல்லித் தருவதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத்தான் குறிப்பிடுகிறேன். வணிகப் பெயரைத் தவிர்த்து மூலப்பெயரில் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோருவது, வந்து சேரும் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிப்பது, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைப்பது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதற்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ள விடுவது என்று அமைந்த இந்த முறையைப் பின்பற்றி ராஜஸ்தான் 2011இல் தன் கழகத்தை அமைத்தது. ஒரே பெரிய வாங்குபவராக அரசு நிற்கும்போது விலை எப்படி இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் கிடைக்காது. ஆயினும் என் மாணவர்களில் பலர் தேர்வு முடியும்வரை அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அதில் எனக்கும் பொறுப்பு உண்டு.

இந்தப் பாடத்தை எடுத்த ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் எழுந்து, "உயிருக்கு விலை வைப்பது சரியா, ஐயா?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். மருத்துவத்துக்கு ஒதுக்கப்படும் பணம் ஓர் அளவுக்கு உட்பட்டது, ஒரு புதிய புற்றுநோய் மருந்துக்குப் போகும் பணம் வேறொரு வார்டுக்குப் போகாது. இந்த முடிவு ஆண்டுதோறும் எங்கேயோ எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதை எல்லாரும் பார்க்கும்படி வெளியில் வைப்பதே சுகாதாரப் பொருளியலின் வேலை என்று நான் விடை சொல்வேன். எந்தச் சிகிச்சைக்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாம் என்று பரிந்துரைக்க இங்கிலாந்தில் 1999இல் தொடங்கப்பட்ட நைஸ் (NICE) அமைப்பு, நல்ல உடல்நலத்தோடு கூடுதலாகக் கிடைக்கும் ஓர் ஆண்டு வாழ்வுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற வரம்பை வெளிப்படையாக வைத்துப் பல ஆண்டுகள் மருந்துகளை மதிப்பிட்டது. அந்த வரம்பை ஏற்காதவர்கள் அதை எதிர்த்து வாதிடவும் முடிந்தது. முதியவரின் ஓராண்டும் குழந்தையின் ஓராண்டும் சமமா என்பது போன்ற கேள்விகளில் என் வகுப்புகள் மணி அடித்த பிறகும் நீண்டதுண்டு.

நம் நாட்டிலும் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென, அதாவது ஒரு மருந்தோ கருவியோ அதன் செலவுக்கேற்ற பலன் தருகிறதா என்று கணிக்க, 2017இல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஓர் அமைப்பு உருவாகியிருக்கிறது. அந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும். பொருளியல் மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் இந்த ஒரு தாளுக்காவது சேர்ந்து அமர்ந்து படிக்கவும், ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஒரு மாதம் இருந்து கணக்கெடுக்கவும், தேசிய மாதிரி ஆய்வின் தரவுகளைத் தாங்களே கையாளவும், ஆய்வேட்டைத் தமிழிலும் எழுதவும் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் வழி செய்ய வேண்டும். என் மாணவியின் ஆய்வேடு தமிழில் இருந்த ஒரே காரணத்தால் ஒரு கருத்தரங்கில் வாசிக்க மறுக்கப்பட்டது. அந்த நோட்டின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. பாடத்திட்டக் குழுவினர் எவரேனும் பார்க்க விரும்பினால், மாணவியின் ஒப்புதலைப் பெற்று அனுப்பி வைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் இணைப் பேராசிரியர்,
திருநெல்வேலி.