ராஃபிள்ஸ் சிட்டியில் நாம் பார்த்த படம்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மகன் வீட்டு மாடியறைக்குக் குடிபோய்விட்டாய் என்பது சந்தோஷம்தான். ஆனால் தங்கச்சி போனதிலிருந்து தூரிகையைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசு கனத்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். வீட்டில்தான் முழங்கால் வலி என்று அவதிப்படுகிறாள்.

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் சிட்டி கட்டடத்துக்குள் ஒரு பெரிய படம் தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? "இதில் என்னடா வரைந்திருக்கிறார்?" என்று கேட்ட நீ, அதற்கப்புறம் அரை மணி நேரம் இடத்தை விட்டு நகரவே இல்லை! அதை வரைந்தவர் ஸாவ் வூ-கி. கட்டடத்தை வடிவமைத்த ஐ. எம். பெய் அவருடைய நண்பர். பெய் கேட்டுக்கொண்டதால் 1985இல் வரைந்து கொடுத்தார். மூன்று துண்டுகள், மொத்தம் 10 மீட்டர் நீளம். 2018இல் ஹாங்காங் ஏலத்தில் 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போயிற்று. நாம் அதை எத்தனை முறை சும்மா நின்று பார்த்திருக்கிறோம்!

கொஞ்ச நாளாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பெய்ஜிங்கில் பிறந்து, ஹாங்சோ கலைப்பள்ளியில் படித்து, 1948இல் பாரிஸுக்குப் போனவர். 'சீன ஓவியர்' என்ற முத்திரை விழுந்துவிடக் கூடாது என்று மையையும் காகிதத்தையும் ஒதுக்கியே வைத்தார். சில வருடம் கழித்து சுவிட்சர்லாந்தில் ஓவியர் பால் க்ளேயின் படங்களைப் பார்க்கிறார். அந்தச் சின்னச் சின்னக் குறிகளில் தான் விட்டுவந்த ஊரே தெரிகிறது. 1954இல் வரைந்த 'காற்று' படத்தில் மரமும் இல்லை, மலையும் இல்லை. பழங்காலச் சீனாவில் எலும்பில் கீறிய எழுத்து மாதிரியான குறிகள் மட்டும் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அப்புறம் அவையும் கரைந்துபோயின. தலைப்பையும் விட்டுவிட்டு, படம் முடிந்த தேதியை மட்டும் எழுத ஆரம்பித்தார்.

அவருடைய கையெழுத்தைப் பார். 'வூ-கி' சீன எழுத்தில், 'ஸாவ்' ரோமன் எழுத்தில், பக்கத்துப் பக்கத்தில். இரண்டு மரபையும் கலந்தார் என்று சொல்கிறார்கள், எனக்கு அந்தச் சொல் போதவில்லை. எண்ணெய் வண்ணத்தையே டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து மை போல ஓடவிட்டவர் அவர்.

உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. மே என்ற அவர் மனைவி நோயில் படுத்திருந்த நாட்களில் பெரிய எண்ணெய் ஓவியம் எதற்கும் மனம் ஓடவில்லை. கவிஞர் ஆன்ரி மிஷோ, "மையைத் தொட்டுப் பார்" என்று தூண்டினார். அத்தனை வருடம் ஒதுக்கி வைத்திருந்த மைதான் அப்போது கைகொடுத்தது. 1972இல் மனைவி இறந்தார். அதே வருடம் அவர் நினைவாக 5 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரு படம் வரைந்தார். பாரிஸில் பொம்பிடூ மையத்தில் இருக்கிறது. படத்தின் பெயரிலேயே மேயும் இருக்கிறார், தேதியும் இருக்கிறது: 10.09.72.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். பிராஸ் பாசாவில் உனக்காக ஒரு மைக்கட்டியும் கொஞ்சம் தாளும் வாங்கி வைத்திருக்கிறேன். கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும், சந்தனம் அரைக்கிற மாதிரிதான். முதல் நாள் நானே அரைத்துத் தருகிறேன்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்