நாய் என்னுடையதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாப்பாடு கொண்டுபோகும் பைக் இளைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். நம் தெருக்களில் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள், வாயில்லாப் பிராணிகளை அடித்துப் போடுகிறார்கள் என்று அந்த அன்பர் கொதித்திருந்தார். கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனையும் துணைக்கு அழைத்திருந்தார். அவர் சுட்டிய விபத்துகளில் ஒன்று, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் நடந்தது. அந்த நாய் என்னுடையது. அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலைச்சரிவில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. வாசலைத் தாண்டினால் ஒரு முழ நடைபாதை, அதற்கு அப்பால் செங்குத்தாக இறங்கும் சாலை. திருட்டுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு இரும்புக் கேட், கேட்டுக்குப் பின்னால் ஒரு நாய். என் வீட்டுக் கேட் ரிமோட்டில் நகர்வது. முழுதாக மூட 18 விநாடி எடுக்கும். இதை நான் எண்ணிப் பார்த்ததே விபத்துக்குப் பிறகுதான். அன்று மாலை விளக்கெண்ணெயும் திரியும் வாங்கக் காரை வெளியே எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன், கேட் தானாக மூடிக்கொள்ளும் என்று சரிவில் இறங்கிவிட்டேன். பத்து ஆண்டுகளாக நாள்தோறும் செய்வது அதுதான்.

கீழ்த்தெருவில் பிள்ளைகள் ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள். என் நாய் டைகர் மிரண்டு, பாதி மூடியிருந்த கேட்டின் இடைவெளியில் புகுந்து வெளியே வந்ததைக் காரின் பின்கண்ணாடியில் பார்த்தேன். என்னைக் கடந்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்த பைக்கின் முன்சக்கரத்தில் போய் மோதியது. ஏற்றத்தில், முதுகில் பெட்டியைச் சுமந்து போகும் சிறிய பைக் என்ன வேகத்தில் போயிருக்க முடியும்? பறந்தான், எமனாய் வந்தான் என்பதெல்லாம் நேரில் பார்க்காதவர்களின் பேச்சு.

நான் திரும்பி ஓடியபோது அந்தப் பையன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். பெட்டி திறந்து, யாரோ காசு கொடுத்து வாங்கிய ஆட்டிறைச்சிப் பிரியாணி தார்ச்சாலையில் ஆவி பறக்கக் கிடந்தது. இடுப்பில் தோல் உரிந்து நின்ற டைகர் அதை முகர்ந்துகொண்டிருந்தது. பையன் மலாவி நாட்டுக்காரன் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் அவன் முதலில் சொன்னது, "மன்னியுங்கள் ஐயா, உங்கள் நாயா?" என்பதுதான்.

பதில் சொல்வதற்குள் என் மைத்துனர் காதருகே வந்துவிட்டார். "தெருநாய் என்று சொல்லிவிடுங்கள் மச்சான். வழக்கு வம்பு என்று வந்தால் இந்த வயதில் யார் அலைவது?" பக்கத்து வீட்டம்மாவும் தலையாட்டினார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். எங்கள் ஊரில் நாய் ஒருவனைக் கீழே தள்ளிவிட்டால் நாய்க்குச் சொந்தக்காரனைக் காணோம். நானும் ஒரு கணம் தயங்கினேன், மறைக்கவில்லை. அதற்குள் டைகர் நொண்டிக்கொண்டே போய் எங்கள் கேட்டின் முன் உட்கார்ந்து, திறந்துவிடு என்பதுபோல் என்னையே பார்த்தது. அதற்கு மேல் யாரிடம் என்ன சொல்வது!

பையனை அரசு மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். அங்கே முதலில் கேட்டது எலும்பைப் பற்றி அல்ல. நாய் கடித்ததா, சிராய்ப்பில் அதன் எச்சில் பட்டதா, தடுப்பூசி போட்ட நாயா என்று கேட்டார்கள். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநாய் நோய் இன்னும் ஒழியவில்லை. நாய்களுக்கு அந்தத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். டைகரின் ஊசி அட்டை என் கார்ப் பெட்டியிலேயே இருந்தது, எடுத்துக் காட்டினேன். தெருநாய் என்று நான் சாதித்திருந்தால், உடைந்த கையோடு அந்தப் பயத்தையும் அவன் சுமந்துகொண்டு போயிருப்பான். மைத்துனரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் வாயடைத்தார்.

இனி மனுநீதிச் சோழன். கோயில் தமிழ் வகுப்பில் முப்பது ஆண்டுகள் அந்தக் கதையைச் சொன்னவன் நான். பசு மணியடித்ததையும், அரசன் நடுங்கியதையும், தேர்க்கால் ஏறியதையும் கண்ணீர் வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட, நானும்கூட, அந்தக் கன்றை ராஜவீதியில் அவிழ்த்துவிட்டது யார் என்று கேட்டதில்லை. தேரில் வந்தவனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டால் நமக்கு மனம் ஆறிவிடுகிறது. கதைக்கு அது சரி. திருவாரூர்த் தேரில் வந்தவன் இளவரசன். இங்கே தேரில் வருகிறவன் தடவைக்கு இத்தனை ரேண்டு என்று கூலிக்கு ஓட்டுகிறவன்.

நாட்டுச் சட்டம் இதில் அந்த அன்பர் நினைப்பதுபோல் இல்லை. விபத்தில் காயம் பட்டால் அரசின் சாலை விபத்து நிதி இருக்கிறதே என்பார்கள். நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் 2 ரேண்டுக்கு மேல் அந்த நிதிக்குத்தான் போகிறது. ஆனால் இன்னொரு வாகனத்தை ஓட்டியவரின் தவறு இருந்தால்தான் அங்கே கோர முடியும். நாயில் மோதித் தானே விழுந்தவனுக்கு அங்கே ஒரு காசு கிடையாது. அவனும் பெட்ரோல் போடுகிறவன்தான்! ஆக, அவன் கை நீட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, நாயின் சொந்தக்காரர்.

அந்த வழி பழையது. வளர்ப்புப் பிராணி தன் இனத்துக்குரிய இயல்பை மீறிப் பிறருக்குத் தீங்கு செய்தால், உடையவரிடம் தவறே இல்லாவிட்டாலும் அவர் ஈடு தர வேண்டும் என்பது உரோமானியர் காலத்து விதி. டச்சுக்காரர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தின் வழியாக இங்கே வந்து, 1927இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தாலும் உறுதிசெய்யப்பட்டது. உரோமில் ஈட்டுக்குப் பதிலாகப் பிராணியையே பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவலாம். அந்தச் சலுகை வழக்கொழிந்துவிட்டது என்று அதே தீர்ப்பு சொன்னது. 2020இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், நாய்கள் குதறியதால் ஒருவர் கையையே இழந்திருந்தார். கேட்டை யாரோ உடைத்துத் திறந்துவிட்டார்கள், நான் என்ன செய்வேன் என்று உடையவர் வாதாடினார். எடுபடவில்லை. திருடன் திறந்த கேட்டுக்கே அந்தக் கதி என்றால், நானே ரிமோட்டை அழுத்தித் திறந்த கேட்டுக்கு என்ன சொல்வது?

வழக்கறிஞர்கள் இதில் நூல் நூற்பார்கள் என்பதும் தெரியும். நாய் துரத்தியதா, மிரண்டு ஓடியதா, வெறுமனே சாலையைக் கடந்ததா என்று பிரிப்பார்கள். மிரண்டு ஓடுவது நாயின் இயல்பு என்று தீர்ந்தால் அந்தப் பழைய விதி பொருந்தாமல் போகலாம், அப்போது என் கவனக்குறைவை அவன் நிரூபிக்க வேண்டியிருக்கும். நிரூபிக்க என்ன இருக்கிறது, 18 விநாடி காத்திருக்கவில்லை. ஓட்டியவர் பக்கமும் தவறு இருந்தால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈட்டுத்தொகையை அந்த அளவுக்குக் குறைப்பார்கள். எனவே பைக் ஓட்டுகிறவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஊருக்குள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், ஒரு விநாடி திகைத்து நிற்பதற்குள் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார். விளக்குப் போடாமல் ஓட்டுகிறவர்களை நானும் பார்க்கிறேன், திட்டியும் இருக்கிறேன். பிராணிக்குச் சேதம் நேர்ந்தாலும் வண்டியை நிறுத்தி, பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்துச் சட்டம். நிற்காமல் போனவர்களைப் பற்றி அன்பர் எழுதியதோடு எனக்குச் சண்டை இல்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இருபுறமும் வேலியிட்ட பொதுச்சாலையில் விடக்கூடாத பிராணிகள் என்று நம் போக்குவரத்து விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. மாடு, குதிரை, கழுதை, ஆடு, பன்றி எல்லாம் வருகின்றன. நெருப்புக்கோழிகூட வருகிறது. நாய் இல்லை. சாட்ஸ்வொர்த்தில் நெருப்புக்கோழி குறுக்கே ஓடி விழுந்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பணத்துக்கு வருகிறேன், பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. பைக் ஓடாத நாளுக்கு அவனுக்குக் கூலி இல்லை. விளக்கு, கிளட்ச் கைப்பிடி, கால்மிதி மூன்றையும் நான் மாற்றிக் கொடுத்தேன். வாரக் கூலியில் முடிந்ததைக் கொடுத்து வருகிறேன். என் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தைத் தூசி தட்டி எடுத்தபோது, பிறருக்கு நேரும் தீங்குக்கான தனிநபர் பொறுப்புக் காப்பு அதில் இருப்பது தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் தவணை கட்டியும் அந்தப் பக்கத்தை நான் புரட்டியதில்லை. உங்கள் பத்திரத்திலும் இருக்கலாம், பாருங்கள். ஆனால் தொலைபேசியில் பேசிய பெண், பொறுப்பை ஒப்புக்கொள்வதற்கு முன்பே தங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்றார். டைகர் கேட்டின் முன் உட்கார்ந்தபோதே எல்லாம் ஒப்புக்கொண்டாகிவிட்டது அம்மா என்றேன். அவருக்குப் புரியவில்லை. மனு பரிசீலனையில் இருக்கிறது.

இப்போது கேட்டைத் தாண்டியதும் காரை நிறுத்தி, அது பூட்டில் இடிக்கும் சத்தம் கேட்ட பிறகே சரிவில் இறங்குகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நேற்றுக் காலை எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போல் பொத்தானை அழுத்திவிட்டுப் பறந்தார். கேட் மூடுவதற்குள் அவர்களுடைய வெள்ளைக் குட்டி நடுச்சாலைக்கு வந்துவிட்டது. நான்தான் தூக்கிப் போய்க் கம்பி இடுக்கு வழியாக உள்ளே விட்டேன். மாலையில் அவரிடம் சொன்னபோது, "அதுவா, அது எங்கும் போகாது அண்ணா" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் வகுப்பு ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்