உன் தம்பிக்குப் பதில் போடும் முன்

டேய்,

போன வாரம் உன் தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, மெக்கானிக்கல்ல சேர்ந்துட்டேன். கூடவே ஜாப்பனீஸும் படிக்கலாம்னு இருக்கேன். ரெண்டையும் சமாளிக்க முடியுமா? நீங்கதான் சொல்லணும்." நான்தான் சொல்ல வேண்டுமாம், நீ வீட்டிலேயே இருக்கும்போது! நாலு நாளாகப் பதில் போடவில்லை. அவனுக்கு எழுத உட்கார்ந்தால் உனக்குத்தான் எழுத வருகிறது.

தனியாக அனுப்பினால் நீ உடனே போன் பண்ணி "விடுடா" என்று முடித்துவிடுவாய். எத்தனை முறை அப்படி முடித்திருக்கிறாய். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நம் வகுப்பு ஆட்கள் இதை வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள் என்று தெரியும், ஆகவே கல்லூரிப் பெயர், கம்பெனிப் பெயர், அந்த மார்ச் மாதத்து விஷயம் எதுவும் இங்கே வராது. மார்ச் என்றால் எது என்று உனக்குத் தெரியும், போதும்.

நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள் இல்லையா, எம்3 கணக்குப் பேப்பரே தேறவில்லை, இதில் ஞாயிற்றுக்கிழமை நுங்கம்பாக்கத்து ஜாப்பனீஸ் வகுப்புக்குப் போய் அ இ உ எ ஒ எழுதிப் பழகுகிறார்கள் என்று. எனக்கு அது முழுக்க மனப்பாட வேலை. ஹிரகானா எழுத்து 46, கதகானா எழுத்து 46, அப்புறம் நீ 'கஞ்சி' என்றே சொல்லும் கான்ஜி, சீனத்திலிருந்து வந்த அந்த முடிவில்லாத எழுத்துகள், ஏ4 தாளில் கட்டம் போட்டு எழுதித் தள்ளினேன். நீ பேனாவையே எடுக்க மாட்டாய். ஆனால் இரண்டாம் மாதமே வகுப்பில் எழுந்து நின்று, "சென்செய், இது தமிழ்தான்" என்று வாத்தியாரிடமே சொன்னாய். 'தபேதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார், 'மிரு' என்றால் பார். 'இத்தெ ஒகு' என்றால் சொல்லி வை, 'ஒகு' என்றால் வை. நாங்கள் ஆங்கிலம் வழியாகப் போய்த் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்த வாக்கியத்தை நீ தமிழிலிருந்து வரிசைகூட மாறாமல் அப்படியே தூக்கி வைத்தாய். கொரே, சொரே, அரே என்ற சுட்டுச் சொற்கள் பாடம் வந்த அன்று அந்த நடு 'சொரே'யில் எல்லோரும் மாட்டிக்கொண்டோம், எதிரில் இருப்பவர் பக்கம் இருக்கும் பொருளை இது என்பதா அது என்பதா என்று. "அது 'உது'டா, யாழ்ப்பாணத்துல இன்னும் சொல்றாங்க" என்றாய்.

திரும்பும் ட்ரெயினில் சைதாப்பேட்டை வரை ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பேச்சுதான். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு என்று அவர் சொன்னதை மொழியியல்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கோ படித்துவிட்டு வந்து உன் வாயை அடைத்தேன். உறவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, உனக்கு அதில் வழி கிடைத்தது. எனக்குப் பொறாமை.

மாதிரித் தேர்வில் உனக்கு 128, எனக்கு 91. என்5-இல் தொடங்கி என்1 வரை போகும் ஜப்பானிய மொழித் தேர்வில் நடு நிலையான என்3 தேற 180-க்கு 95 வேண்டும். இதை மறந்திருக்க மாட்டாய்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், அப்பாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குக் கிளம்பும்போது என் கையில் ஒரு கவர் கொடுத்தாய். பூர்த்தி செய்த விண்ணப்பம், போட்டோ, பணம். மறந்துவிட்டேன் என்று பிறகு உன்னிடம் சொன்னேன். மறக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது அது என் பையில்தான் இருந்தது, ஜிப்பைத் திறந்து என்னுடையதை மட்டும் எடுத்தேன்.

உனக்கு அப்போது மூன்று அரியர். அதே சமயத்தில் செமஸ்டர் பரீட்சை. இதையும் எழுதினால் இரண்டும் போய்விடும், உன் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, இருந்ததால்தான் இத்தனை வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்ட முடிந்தது. என்3 முடித்த மெக்கானிக்கல் ஆள் வேண்டும் என்று ஒரு கம்பெனி வரப்போகிறது, நம் கல்லூரியில் ஒருத்தரை எடுத்தாலே பெரிசு என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். அதையும் சேர்த்துக்கொள். நீ என்னடா என்றால், "சரி விடு, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நான் திருப்பிக் கொடுத்த பணத்தில் எனக்கே டீ வாங்கிக் கொடுத்தாய்.

2016 டிசம்பர் 4, ஞாயிறு. தேர்வு முடிந்து மாம்பலத்தில் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு நான் ட்ரெயின் ஏறியபோது ஜெயலலிதாவுக்கு மாரடைப்பு என்ற செய்தி வந்துவிட்டது. பெட்டியில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தாம்பரத்தில் இறங்கினால் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன, படப்பைப் பக்கம் பஸ் இல்லை. போனில் உன்னுடைய மிஸ்டு கால் 14. மேற்குப் பக்கம் படிக்கட்டில் இறங்கும்போது நீ யாருடைய ஸ்பிளெண்டரையோ வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாய், கையில் ஒரு பன் பாக்கெட்டும் இரண்டு வாழைப்பழமும். "கடை எல்லாம் அடைச்சிட்டாங்கடா, இதுதான் கிடைச்சுது. சாப்பிடு." சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. அங்கேயே நின்று அவ்வளவையும் தின்றேன்.

முடிச்சூர் ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது, "கேக்குற பார்ட் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் பின்னால் உட்கார்ந்து நினைவிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன், நீ காற்றில் கத்திக் கத்திப் பதில் சொன்னாய். ஒரு கேள்வி, ஆபீஸில் அந்தப் பெண் முதலில் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது. நான் மூன்று போட்டேன் என்றேன். நீ வேகத்தைக் குறைத்துவிட்டு, "நடுவுல 'சொனோ மாயே நி' வந்திருக்குமே, கவனிச்சியா?" என்றாய். அதற்கு முன்னாடி. வந்திருந்தது. இப்போது நீ சொன்ன பிறகு என் காதில் விழுந்தது. "அப்ப ரெண்டுடா விடை. போச்சு உனக்கு ஒண்ணு" என்று சிரித்தாய். தேர்வு எழுதாதவன், இருட்டில், ஹெல்மெட் இல்லாமல், நான் அரைகுறையாகச் சொன்னதை வைத்தே சரியாகச் சொல்கிறாய். நான் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு மண்ணிவாக்கம் வரை ஒன்றும் பேசவில்லை. தலைவலி என்று நினைத்திருப்பாய்.

எனக்கு 101 வந்தது. மற்றது உனக்குத் தெரியும்.

தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்தத் தேர்வில் வாயைத் திறக்க வேண்டிய வேலையே கிடையாது, எல்லாம் வட்டத்தைக் கறுப்பாக்குவதுதான், அதனால் ஜப்பானில் நகோயா பக்கம் வேலைக்குப் போய் இறங்கிய முதல் மாதம் நான் ஊமை. உன்னை நினைத்தேன், நன்றியோடு என்று சொன்னால் பொய், எரிச்சலோடு. என்னைக் காப்பாற்றியது நம் ஒர்க்‌ஷாப்தான். ஒரு மீட்டிங்கில் மொழியையே பட்டமாகப் படித்த மொழிபெயர்ப்பாளர் 'பரி' என்ற சொல்லில் நின்றுவிட்டார். பரி என்றால் பிசிறு. நாம் முதல் வருஷம் அரம் போட்டுத் தேய்த்தோமே, அந்தப் பிசிறு. அவர் என்1, நான் என்3, அன்றைக்கு அந்த அறையில் அந்தப் பாகத்துக்கு என்ன கோளாறு என்று எனக்குத்தான் புரிந்தது. 'கென்தோ ஷிமாஸ்', பரிசீலிக்கிறோம், என்று அவர்கள் சொன்னால் பாதி நேரம் முடியாது என்று அர்த்தம் என்பது மட்டும் புரிய ஒரு வருஷம் ஆனது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ ஏன் அப்புறம் எழுதவில்லை? கொரோனா வருஷத்தைக் கழித்துவிடு, மற்ற எல்லா வருஷமும் டிசம்பர் முதல் ஞாயிறு வந்துகொண்டுதானே இருந்தது? ஒரு கவர் உன் வாழ்க்கையை நிறுத்திவிட்டது என்று நான் நம்ப வேண்டுமா? நீ அப்படிச் சொன்னதே இல்லை என்பதுதான் இன்னும் கோபமாக வருகிறது. "அவன் கஷ்டப்பட்டுப் படிச்சான்" என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாய். ஒரகடத்தில் உங்கள் பிளான்ட்டுக்கு ஆடிட் வரும் ஜப்பான்காரர்கள் உன்னோடு பேசத்தான் காத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், சான்றிதழ் கேட்கும் இடத்தில் மட்டும் உன் பெயர் வருவதில்லையாம். என்னை ஒரு தடவை திட்டியிருக்கலாம்டா. மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டது.

தம்பிக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. முதல் வருஷத்திலேயே தொடங்கட்டும், என்4 வரை வார இறுதியில் தள்ளிவிடலாம், என்3-யில்தான் செமஸ்டரோடு முட்டும், அந்த வருஷம் அரியர் வைக்கவே கூடாது. டிராயிங்கில் வரும் ஜப்பானியச் சொற்களை அன்றன்றே தனி நோட்டில் எழுதட்டும். இலக்கணத்தை மட்டும் உன்னிடம்தான் கற்க வேண்டும், என்னிடம் வேண்டாம்.

நீ படித்த பிறகு அவனுக்குப் பதில் போடுகிறேன். உன் விண்ணப்பம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, போட்டோவில் மீசை சரியாக முளைக்காத முகம். அவன் எழுதும்போது விண்ணப்பத்தை யாரிடமும் விட வேண்டாம், அவனையே போடச் சொல்.