கண் தானம்: துக்க வீட்டில் முதல் 6 மணி நேரம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி அன்பிய (பங்கின் சிறு குடும்பக் குழு) உறவுகளுக்கு வணக்கம்.

கண்ணைக் கொடுத்துவிட்டால் இறந்தோர் உயிர்த்தெழும் நாளில் எப்படி எழுவது என்று கல்லறைத் திருநாள் வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். மண்ணோடு மண்ணான உடலையே ஆண்டவர் எழுப்புவார் என்று அறிக்கையிடுகிறோம். அவருக்குக் கருவிழி ஒரு தடையா? 1 கொரிந்தியர் 15-ஐச் சேர்ந்து வாசியுங்கள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995-லேயே உறுப்பு தானத்தைப் பாராட்டினார். உறுப்பை விலைபேசுவதைத்தான் திருச்சபை ஏற்கவில்லை.

இறப்பு உறுதியானதும் இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்துங்கள்; தட்டையாகக் கிடத்தினால் கண்ணில் ரத்தம் தேங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் தவறுவது இங்கேதான்: கூட்டம் சேர்ந்ததும் யாராவது விசிறியைப் போட்டுவிடுவார்கள், கருவிழி காய்ந்துவிடும்.

6 மணி நேரத்துக்குள் கண் எடுக்க வேண்டும். வெளியூர் மகன் வரட்டும் என்று காத்திருக்காமல், போனிலேயே பேசி முடிவெடுங்கள். இறந்தவரிடம் கண் தான அட்டை இல்லாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதம் போதும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை அறுவை செய்தவர் எல்லோரும் தரலாம். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி அல்லது சி, வெறிநாய்க்கடி நோய் இருந்தவர் தர முடியாது. வேலை அரை மணிக்குள் முடியும், முகம் விகாரமாகாது.

கண்ணைப் போல அல்லாமல், இறந்தவரின் இதயம், கல்லீரலைப் பெரும்பாலும் மூளைச்சாவில் (மூளை நிரந்தரமாகச் செயலிழந்த நிலை) மட்டுமே எடுக்க முடியும். அதற்கு 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி 4 மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் 2 முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும்.

அருகிலுள்ள கண் வங்கி எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள்.