வார்ப்பாலை வெளிச்சம் கீழிருந்து வருகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிலாளர்களைக் கரியில் வரைவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஒரு பிழை. ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் நெசவாளர் எழுச்சி வரிசையைக் கரியோவியம் என்கிறது; அது கரியோவியம் அல்ல. மூன்று கல்லச்சு (லித்தோகிராஃப்), மூன்று செதுக்கச்சு (எட்சிங்) படங்கள். அவருடைய கரிவேலையைக் காட்ட வேண்டுமானால், மேசைமேல் சரிந்து கிடக்கும் வீட்டுக்கூலிப் பெண்ணை அவர் 1909இல் வரைந்த படத்தைப் போட்டிருக்கலாம்.

‘முதலில் கோட்டுருவம், பிறகு நிழல்’ என்று கட்டுரை சொல்லும் யோசனை, இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிக்கு உதவாது. அங்கே வெளிச்சம் லேடில் என்ற வார்ப்பு வாளியில் இருக்கும் உருக்கிரும்பிலிருந்து, அதாவது கீழிருந்து, வருகிறது. தாடையின் அடி, மூக்குத்துளை ஓரம், முன்கையின் அடிப்பக்கம், முழங்கால் இவைதான் ஒளிரும். உச்சந்தலை இருட்டோடு போய்விடும். பழக்கதோஷத்தில் நெற்றிக்கு வெளிச்சம் கொடுத்தால் ஆள் ஸ்டுடியோவில் உட்கார்ந்தவர் ஆகிவிடுவார்.

ஆகவே இருட்டிலிருந்து தொடங்குங்கள். சொரசொரப்பான, 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) குறையாத தாள். வில்லோ மரக்குச்சிக் கரியைப் படுக்கப் போட்டுத் தேய்த்து, பருத்தித் துணியால் ஒற்றி நடுச்சாம்பலாக்குங்கள். விரல் வேண்டாம்; தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் திட்டு விழும், பிறகு ரப்பருக்கும் அசையாது. இரும்பு ஊற்றும் தாரைக்கு மட்டும் தாளைத் தொடாமல் விட்டுவிடுங்கள். தேய்த்த இடத்திலிருந்து அந்த வெள்ளை திரும்பக் கிடைக்காது. மற்ற ஒளியெல்லாம் பிசைகிற ரப்பரால் எடுப்பதுதான். அழுத்திய கரியில் (கம்ப்ரெஸ்ட் சார்கோல்) பசை கலந்திருப்பதால் சரியாக அழியாது. அதைக் கடைசியில், மூன்று நான்கு இடத்தில் வைத்தால் போதும்: பூட்ஸ் அடி, அக்குள், குனிந்த கழுத்தின் பின்புறம்.

முகத்தைவிடப் பாரம் முக்கியம். லேடில் கம்பியை இருபுறமும் இருவர் பிடித்து நடக்கும்போது உடல்கள் பாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும், தோள் இறங்கும், முழங்கை மடங்காது. கை மடங்கியபடி வரைந்தால் வாளி காலி என்றுதான் தெரியும். இதைப் பல நல்ல ஓவியர்களே கோட்டைவிடுகிறார்கள்.

கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரேயை ஓரடி தள்ளி, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். ஒரேயடியாக நனைத்தால் சாம்பல் கறுத்து, எடுத்த ஒளி மங்கும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அச்சிடும்போது கான்ட்ராஸ்டைக் கூட்டாதீர்கள். கட்டுரையோடு வந்த இரண்டு படங்களிலும் நடுச்சாம்பல் முழுக்கப் போய்விட்டது.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர், கோவை